வேக்சின் பாட்டிலில் இருந்தது

அத்தியாயம் 14

மருந்து ரூமின் மூன்றாவது தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

தட்டைத் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்றுதான் சரிதா முதலில் நினைத்தாள். இரண்டாவது தட்டைப் பார்த்தாள். வைட்டமின் டின்கள், பவுடர் பாக்கெட்டுகள், ஊசி டப்பா. நான்காவது தட்டில் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை. மறுபடியும் மூன்றாவதற்கு வந்து, கையை உள்ளே விட்டு மூலைவரை தடவினாள். விரலில் சுண்ணாம்புத்தூள் ஒட்டியது. அவ்வளவுதான்.

தலையைத் திருப்பியபோது அது வந்தது. கண்ணுக்குப் பின்னால் பொளிச்சென்று ஒரு வெட்டு, ஒயரோடு ஒயர் உரசினாற்போல. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று காலையில் மாத்திரை போடவில்லை. வேக்சின் கலக்குகிற அவசரம். சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவள், சாயங்காலம் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி படுத்துவிட்டாள். இன்றைக்கும் போடாவிட்டால் இரண்டாவது நாள்.

பக்கத்துத் தோட்டத்து அருணகிரி பண்ணையில் நான்கு நாளாகக் கோழிகள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன. வெள்ளைக்கழிச்சல். சேதி வந்த அன்றைக்கே சரிதாவின் கணவன் நவநீதகிருஷ்ணன் தன் பண்ணை கேட்டை உள்ளே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். மனைவி, அம்மா, மகள், ஷெட்டு ஆட்கள் என்று எல்லாரும் உள்ளே. முட்டை லாரிகூட ரோட்டிலேயே நிற்க வேண்டும். நேற்று எல்லாக் கோழிக்கும் தண்ணீரில் வேக்சின் கலந்து வைத்தாகிவிட்டது. வேக்சின் வைத்தபின், புதுசும் பழசுமாக எல்லாக் காலி பாட்டில்களையும் பொறுக்கிக் குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, மேலே சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள். பாட்டிலின் அடியில் ஒட்டியிருப்பது உயிருள்ள சீக்கு. கோழிப்பண்ணை வைத்திருக்கிற எவனும் அதைச் சும்மா விடமாட்டான்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து சரிதா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். இருந்தும் மறந்துபோனாள்.

மூன்றாவது தட்டின் மூலையில், கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் காயவைத்த பழைய வேக்சின் பாட்டில் ஒன்று இருந்தது. டாக்டர் சொன்னபடி நாலாக உடைத்த மாத்திரைத் துண்டுகள் அதில்தான் இருந்தன. வீட்டில் வைக்க இடமில்லை. பீரோவை மாமியார் அத்தாயி திறப்பாள். கைப்பையை மகள் தமிழினி கொட்டிக் கவிழ்ப்பாள். வேக்சின் பாட்டிலை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அத்தாயிக்கு அது 'சீக்குப் பாட்டில்'. பார்த்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள்.

இந்தப் பண்ணையிலேயே பத்திரமான இடம் அதுதான். வேக்சின் போடுகிற நாளைத் தவிர.

போன வருடம் நவநீதன் அவள் மாத்திரை அட்டையைப் பிடுங்கிக் கோழி எருக்குழியில் எறிந்தான். "இதையே தின்னுட்டிருந்தா எப்பத்தான் சரியாவ?" என்றான். பத்து நாள் கழித்து சரிதா தண்ணி டேங்க்கின் விளிம்பில் போய் நின்றாள். காத்துக் கருப்பு என்றார்கள். திருநீறு போட்டார்கள். அப்புறம் நாமகிரிப்பேட்டைக்கு, அவள் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளையை அனுப்பவில்லை. ஒன்றரை மாதம் தமிழினி இங்கே, இவள் அங்கே.

அந்த ஒன்றரை மாதத்தில்தான் அவள் தானாகவே பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய் மறுபடியும் மருந்தை ஆரம்பித்தாள். தேறித் திரும்பி வந்தாள். "பாத்தீங்களா, மாத்திரை மயிரு ஒண்ணும் இல்லாமயே சரியாயிட்டா" என்று நவநீதன் உறவு உறம்பரையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னான். அவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலே ஒரு வருடம் ஓடிவிட்டது. இப்போது டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசிப் படிகளுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கொண்டுவந்ததெல்லாம் குழியில் சாம்பலாகக் கிடந்தது.

*

மூன்றாவது ஷெட்டில் செல்லாயி முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் முட்டை அட்டை, மறு கையில் மூன்று மூன்று முட்டையாக அள்ளுவாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

"இன்னைக்கு என்ன முட்டைங்க அம்மிணி?"

அவர்கள் இருவரும் தினமும் காலையில் கேட்டுக்கொள்வது அது. நல்ல நாளென்றால் நல்ல முட்டை. சுமாரென்றால் கீறல். ஓடே இல்லாமல் தொளதொளவென்று விழுமே, தோல் முட்டை, அது மோசமான நாள். பக்கத்தில் யார் நின்றாலும் பண்ணைப் பேச்சு மாதிரியே இருக்கும்.

செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள்.

செல்லாயிக்கு நாற்பத்தைந்து இருக்கும். அவள் மகன் போர்க்குழாய் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் லாரியில் வேலைக்குப் போய், வடக்கே எங்கேயோ செத்து, பெட்டியில் திரும்பி வந்தான். அந்த வருடம் அவள் சோறு தின்பதை நிறுத்தினாள். புருசன் மாதையன்தான் தூக்கிக்கொண்டு போய்ச் சேலம் அரசாங்க ஆஸ்பத்திரியில் போட்டான்.

நம் சனம் ஒருத்தர்கூட வரமாட்டார்கள் என்று தேடித் தேடித்தான் சரிதாவும் அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பண்ணைக்குத் திரும்பி வந்தபின் ஒரு நாள் போனால், மனநல வார்டு பெஞ்சில் தன் பண்ணை ஆள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மிணி, நான் உங்களப் பாக்கலைங்க" என்றாள் செல்லாயி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நானும் உன்னயப் பாக்கல."

அப்புறம் ஒரே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டியிருந்தது. ராசிபுரம் வருவதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் சரிதா முதன்முதலாக அவளை அக்கா என்றாள். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் அக்கா. புதுச்சத்திரத்தில் இறங்கியதும் மறுபடியும் செல்லாயி.

செல்லாயி மருந்தை முழுசாக விட்டு இரண்டு மாதம் ஆகிறது. விடும்போது என்னென்ன வரும் என்று டாக்டர் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் சரிதாவுக்குப் புரிந்தது. "தலைக்குள்ள கரண்டடிக்கும். கனவு கண்டபடிக்கு வரும். எரும மாட்டப் பாத்தாக்கூட அழுவாச்சி வரும். சீக்குத் திரும்பிருச்சுன்னு நெனச்சுக்குவீங்க. அது சீக்கில்லைங்க, மருந்து எறங்கறது. ரெண்டும் ஒண்ணாட்டமே இருக்கும். நமக்கே அடையாளம் தெரியாது. அதுக்குத்தான் பக்கத்துல ஒருத்தி வேணும்."

எல்லாம் சொல்லிக்கொண்டார்கள். மாத்திரையை எங்கே வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் சரிதா சொல்லவில்லை. எத்தனை அக்கா என்றாலும், பண்ணை ஆள்தானே.

"மூணாவது தட்டுப் பாட்டிலெல்லாம் எங்க?" என்றாள் சரிதா இப்போது.

"எரிச்சாச்சுங்க. நேத்து சாயங்காலமே."

"மூலைல ஒண்ணு தனியா இருந்துதே. நீல மூடி."

"பழசையும் சேத்துப் போடச் சொன்னாருங்க உங்க ஊட்டுக்காரரு. கூடைல அள்ளி நான்தானுங்க கொட்டுனேன்." சொல்லிக்கொண்டே வந்த செல்லாயியின் கை நின்றது. "ஏனுங்க?"

சரிதா அவளைப் பார்த்தாள். செல்லாயிக்குப் புரிந்துவிட்டது. முட்டை அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அட அம்மிணி... அதுலயா வெச்சிருந்தீங்க?"

சரிதா தலையை மட்டும் ஆட்டினாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா? பாட்டில் பொறுக்கறவளே நானுங்களே!"

ஷெட்டு முழுக்கக் கோழிகள் கொக்கரித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து மண்டையில் கொத்துவது போலிருந்தது சரிதாவுக்கு.

"உன்கிட்ட மிச்சம் இருக்குதில்ல? நிறுத்தும்போது அரை அட்டை மிச்சம்னு சொன்னியே."

"இருக்குதுங்க. ஆனா அது வேறங்க. உங்களுக்கு எழுதுனது வேற, எனக்கு எழுதுனது வேற. பேரே வேற."

"எதா இருந்தா என்ன, மனசுக்குத்தானே?"

"பசிக்குதுன்னு கோழித் தீவனத்தத் திங்க முடியுங்களா? சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, ஒருத்தரோடத ஒருத்தரு தொடாதீங்கன்னு. தரமாட்டனுங்க."

"நான் கேக்கறேன். குடு."

"வேண்டாமுங்க."

"யாருகிட்டப் பேசறேன்னு நெனப்பிருக்குதா? இந்தப் பண்ணைல வேல செய்யறவ நீ. சொன்னதச் செய்!"

சொன்னபிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. அச்சு அசல் அத்தாயியின் குரல்.

செல்லாயி சரிதாவையே பார்த்தாள். பிறகு ஷெட்டுத் தூணிலிருந்த ஆணியில் தொங்கிய லோட்டாவை எடுத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து நீட்டினாள். சரிதா வாங்கி மடக்மடக்கென்று குடித்தாள். பாதி தாவாங்கட்டையில் வழிந்தது. அது செல்லாயிக்கென்று தனியாக மாட்டியிருக்கிற லோட்டா என்பது குடித்து முடித்த பின்தான் இருவருக்கும் உறைத்தது.

"இன்னைக்குத் தோல் முட்டைங்க" என்றாள் செல்லாயி. "அதனாலதான் இப்பிடிப் பேசறீங்க. நான் கணக்குல வெச்சுக்கல. சிஸ்டருக்குப் போனைப் போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை. இருந்தாலும் ஆஸ்பத்திரி சிஸ்டர் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடுகிற சத்தம். விஷயத்தைக் கேட்டதும் மிக்ஸி நின்றது.

"பயப்படாதீங்க சரிதா. விட்ட இடத்துலருந்து அதே கால் துண்டு. விட்டதுக்குச் சேத்து ரெண்டாப் போட்டுராதீங்க. சீட்டு போட்டோ போன்ல இருக்குதில்ல? எந்த மெடிக்கல்லயும் குடுப்பாங்க. இன்னைக்கே வாங்கிருங்க. வேற யாரோட மாத்திரையும் வேண்டாம். தப்பா எதாவது தோணுச்சுன்னா உடனே கூப்பிடுங்க, இல்ல நேரா கேசுவால்ட்டிக்கு வாங்க. கூட ஆரு இருக்கா?"

சரிதா செல்லாயியைப் பார்த்தாள்.

"இருக்காங்க" என்றாள்.

போனை வைத்ததும் செல்லாயி கேட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மெடிக்கல் ஷாப் புதுச்சத்திரத்தில். பைக்கில் போனால் பத்து நிமிடம். பூட்டு இந்தப் பக்கம். சாவி இன்னொருத்தன் இடுப்பில்.

"ஊட்டுக்காரருகிட்ட நீங்களே சொல்லிருங்க அம்மிணி."

"சொன்னா மறுபடியும் நாமகிரிப்பேட்டைதான். புள்ளய விடமாட்டாங்க."

"சொல்லாட்டி?"

டேங்க் இருக்கிற திசையை இருவருமே பார்க்காமல் நின்றார்கள்.

*

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொல்லிவிடுவது என்றுதான் சரிதா நினைத்திருந்தாள்.

நவநீதன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தான். அந்தப் பக்கம் அருணகிரி அழுதுகொண்டிருந்தார். இன்றைக்கும் ஒரு ஷெட்டு. டிராக்டரில் அள்ளிக்கொண்டிருக்கிறார்களாம். நவநீதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணைச் சுற்றிக் கருத்துப்போயிருந்தது.

அருணகிரி போனை வைத்ததும், "ஏனுங்க" என்றாள் சரிதா.

"ம்?"

"கேட்ட ஒரு தடவ..."

"அந்தப் பேச்சே வேண்டாம். மூணு நாளைக்குத் தலையே போனாலும் கேட்டுத் தொறக்காது. ஒருத்தன் செருப்புல ஒட்டிட்டு வந்தாப் போதும், நாம அத்தன பேரும் தெருவுல நிக்கோணும். பாத்தயில்ல, அருணகிரிண்ணன் அழுவறத?"

அவள் ரசம் ஊற்றினாள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பியதும் அந்த வெட்டு. ரசம் தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது.

அத்தாயி பார்த்தாள். தரையை இல்லை, மருமகளின் கையை.

அந்த நேரம் பார்த்துத் தமிழினி ஸ்பூனால் தட்டை டங்டங்கென்று அடித்தாள். தினமும் அடிப்பதுதான். ஐந்து வயதுப் பிள்ளை, பசி.

"நிறுத்துடீ!"

அவ்வளவு பெரிய கத்தல் எங்கிருந்து வந்தது என்று சரிதாவுக்கே தெரியவில்லை. பிள்ளை ஸ்பூனைத் தூக்கிய கையோடு அப்படியே உறைந்துவிட்டது. அழக்கூட இல்லை. போன வருடத்தில் ஒருமுறை இப்படித்தான் உறைந்து நின்றது.

"வா சாமி" என்று அத்தாயி பேத்தியை இழுத்துத் தன் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். "நீ இங்க உக்காந்து உண்ணு." பிறகு மகனைப் பார்த்து, குரலை இறக்கி, "ஏன்டா, மறுபடியுமா?" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரெண்டு நாளா எல்லாருக்குமே தூக்கமில்ல. அவதான் மாத்திரையே இல்லாம ஒரு வருசமா நல்லா இருக்கறாளே."

பெருமையாகத்தான் சொன்னான். சரிதா துணியை எடுத்து ரசத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.



*

வெயில் தாழ்ந்த நேரத்தில் கேட்டுப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சரிதா எட்டிப் பார்த்தாள்.

கேட்டுக்குள் கால் நனைக்கிற தொட்டியில் நவநீதன் புது மருந்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். எதிரே செல்லாயி. வேலைச் சேலையை மாற்றி, தலையை முடிந்து, ஊருக்குக் கிளம்புகிற மாதிரி நின்றாள்.

"ஏனுங்க சாமி, கேட்ட ஒரு நாழி தொறந்து உடுங்க. புதுச்சத்திரம் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்."

"எதுக்கு?"

"மாத்திரை வாங்கோணுங்க."

"காச்சலா? ஊட்டுல இருக்குது, அம்மாகிட்டப் போயிக் கேளு."

"காச்சலுக்கில்லீங்க." செல்லாயி ஒரு மூச்சு விட்டாள். "மனசுக்குங்க."

நவநீதன் சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. அவனுக்கு நிசமாகவே வேடிக்கையாக இருந்தது. "ஒரு ஷெட்டு முட்டையப் பூரா ஒத்த ஆளாப் பொறுக்கறவ நீ. உனக்கேது செல்லாயி மனசுக்கெல்லாம் நேரம்?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க. பாட்டில்ல போட்டு மருந்து ரூம்புல வெச்சிருந்தேன். நேத்து எரிச்சதுல அதும் போயிருச்சுங்க. திடீர்னு நிறுத்துனா ஆவாதுங்க எனக்கு."

சரிதாவின் கையிலிருந்த துணி நழுவியது. செல்லாயி மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. அதை அவள் எப்படி விட்டாள் என்று சரிதாவுக்குத் தெரியும். விட்டுத் தலைமுழுகியதை இப்போது மறுபடி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

நவநீதனின் சிரிப்பு போய்விட்டது.

"மருந்து ரூம்லயா? வேக்சின் பாட்டில்லயா?" வாளியைக் கீழே வைத்தான். "பைத்தியத்துக்கு மருந்து திங்கறவளா நேத்து தண்ணித் தொட்டில வேக்சின் கலக்குனது? ஏன்டி, ஒழுங்காக் கலக்குனியா? எந்தத் தொட்டில என்னத்தக் கொட்டி வெச்சியோ! அம்பதாயிரம் கோழிடி!"

"கலக்குனதெல்லாம் சரியாத்தானுங்க கலக்குனேன்."

"நீ சொன்னா நான் நம்போணுமா? மூணு நாள் கழிச்சுக் கேட்டுத் தொறப்பேன். அப்பிடியே மூட்டையக் கட்டிட்டுப் போயிரு. மாதையனையும் கூட்டிட்டுப் போயிரு."

"சரிங்க சாமி. இப்பவே தொறந்து உடுங்க, இப்பவே போயர்றேன். திரும்பி உள்ள வரமாட்டனுங்க. மாத்திரைய மட்டும் வாங்கியாந்து கேட்டு மேல வெச்சுட்டுப் போறேன், ஆரையாச்சும் எடுத்துக்கச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் செல்லாயியின் முகம் மாறியது.

நவநீதன் மெதுவாகக் கேட்டான். "நீ போறேங்கற. மாத்திரை உள்ள எதுக்கு?"

செல்லாயி தரையைப் பார்த்தாள்.

"கேக்கறேனில்ல? உள்ள ஆருக்கு?"

தூரத்தில் ஷெட்டுகளில் சத்தம் ஏறி இறங்கியது. இன்னும் ஒரு வார்த்தை, செல்லாயி எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். பழி அவளோடேயே கேட்டைத் தாண்டிப் போய்விடும். தமிழினி இங்கேயே இருப்பாள். சரிதா ஒன்றுமே செய்ய வேண்டாம், கொடிக்குப் பின்னால் நின்றால் போதும்.

அப்புறம் நாளைக் காலையில் என்ன முட்டை என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள்.

அவள் நடந்தாள். காலடியில் தரை லேசாகச் சாய்ந்தது.

"அது அக்காவுக்கு இல்லீங்க" என்றாள்.

நவநீதன் திரும்பினான். "எந்த அக்காவுக்கு?"

"செல்லாயி அக்காவுக்கு."

செல்லாயி சட்டென்று, "அம்மிணி, சும்மா இருங்க, உள்ள போங்க" என்றாள்.

"மாத்திரை எனக்குங்க. பாட்டிலும் என்னுதுங்க. ஒரு வருசமாப் போட்டுட்டிருக்கறேன். நாமகிரிப்பேட்டைலருந்தே."

அவனுக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. காது மடல் சிவந்தது. "ஊரெல்லாம் சொன்னனே... எங்க மாமன்கிட்ட, சித்தப்பன்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னனே சரிதா, மாத்திரை இல்லாமயே சரியாயிட்டான்னு..."

"நீங்க சொன்னீங்க. நான் சொல்லல."

"அப்ப என்னயக் கேனயனாக்கி வெச்சிருந்திருக்கற."

"புள்ளயப் புடுங்கிக்குவீங்கன்னு பயந்துட்டு இருந்தேன். போன தடவ நீங்க அட்டையத் தூக்கி எருக்குழில போட்டீங்க. பத்து நாள்ல நான் டேங்க் மேல நின்னேன். அது பேயுமில்ல, காத்துமில்லீங்க. சட்டுன்னு நிறுத்துனதுதான். இப்ப டாக்டரே குறைச்சுட்டு வாராரு. இன்னும் கொஞ்சந்தான். அதுக்குள்ள எரிஞ்சுபோச்சு." குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள். "நேத்துலருந்து போடல. எனக்கு அந்த டேங்க்கப் பாக்கவே பயமா இருக்குதுங்க. அவ்வளவுதான். இனி நீங்க என்ன பண்றதுன்னாலும் பண்ணிக்கங்க."

நவநீதன் தலையை நிமிர்த்தி டேங்க்கைப் பார்த்தான். போன வருடம் அதன் ஏணியில் ஏறி அவளைப் பிடித்து இறக்கியவன் அவன்தான்.  

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"சீட்ட என் போனுக்கு அனுப்பு."

"நான் போயிட்டு..."

"நான் போறேன். நீ எங்கயும் போவ வேண்டாம்." செல்லாயியின் பக்கம் திரும்பினான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் இனி ஷெட்டுக்குள்ள கால் வெக்காதீங்க. மத்ததப் பொறவு பேசிக்கலாம்."

மருந்துத் தொட்டியில் காலை நனைத்து, கேட்டைத் திறந்து, வெளியே போய்ப் பூட்டினான். பைக் சத்தம் ரோட்டில் தேய்ந்தது.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்க?" என்றாள் சரிதா. 'ங்க' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"கொட்டுனது நானில்லீங்களா?" என்றாள் செல்லாயி. மூக்கை உறிஞ்சினாள். "நீங்க எதுக்கு வந்தீங்க? கொஞ்சம் உட்டிருந்தா சமாளிச்சிருப்பேன்."

"ஒண்ணும் சமாளிச்சிருக்க மாட்டீங்க. பொய் சொல்லவே தெரியல உங்களுக்கு."

கேட்டுத் தூணில் சாய்ந்தபடி இருவரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

*

அவன் திரும்பி வந்தபோது மாத்திரை அட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் மேலும் கிருமி மருந்து அடித்திருந்தான். சரிதாவின் கையில் கொடுக்காமல் தூண் மேல் வைத்துவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனான்.

செல்லாயி முட்டை அட்டையைக் கிழிக்கிற பிளேடைத் துடைத்து மாத்திரையை நாலாக அறுத்தாள். ஒரு துண்டு. அவள் லோட்டாவிலேயே தண்ணீர். விழுங்கினதும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தலைக்குள் வெட்டு அப்படியேதான் இருந்தது. நாளைக்கோ மறுநாளோ அடங்கும் என்று செல்லாயி சொன்னாள். அவள் சொன்னால் அப்படித்தான்.

சரிதா வீட்டுக்குள் நுழைந்தபோது நவநீதன் கூடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

சரிதாவின் அறையிலிருந்து அத்தாயி வெளியே வந்தாள். ஒரு கையில் தமிழினியின் கை. மறு கையில் தமிழினியின் தலையணை. யானைப் படம் போட்ட உறை. சரிதா தைத்தது.

"இனி புள்ள என்கூடப் படுத்துக்கட்டும்" என்றாள் அத்தாயி. சண்டைக் குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். "கேட்டுத் தொறக்கட்டும், உங்கப்பனுக்குச் சொல்லி உட்டிருக்குது. அதுக்கப்பறம் பாத்துக்கலாம்."

சரிதா நவநீதனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

போன வருடம் இதே வாசல்படியில், இதே மாதிரி, அவள் கையில் பையைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவள் இரண்டு அடி முன்னால் வந்து, தலையணையின் இன்னொரு முனையைப் பிடித்தாள்.

"விடுங்க அத்தே."

அத்தாயி இழுத்தாள்.

தமிழினி கீழேயிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

 யானைப் படத்தின் ஓரத் தையல் பிரிகிற சத்தம் கேட்டது. சரிதா விடவில்லை.